படத்தை யார் சுருக்குவது: நீங்களா, உங்கள் தளமா, வெளிச் சேவையா?

காரைக்குடியில் என் சித்தி கைத்தறிப் புடவை விற்கிறார், கண்டாங்கிதான் அதிகம். கடைக்கென்று ஒரு சின்ன இணையதளம் உண்டு, அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முன்பு அது கையால் எழுதிய சாதாரணப் பக்கம்; ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் பழைய படத்தின் பெயரிலேயே புதுப் படத்தைப் போட்டால் பக்கத்தில் மாறிவிடும், அவ்வளவுதான். ஒரு தீபாவளிக்கு முன்னால் புதுச் சரக்கு வந்ததும் சித்தியே போனில் படம் எடுத்து, எடுத்த கையோடு ஏற்றிவிட்டார். பன்னிரண்டு புடவை, ஒவ்வொன்றும் 4000க்கு 3000 பிக்சல், படம் ஒன்றுக்கு நாலைந்து எம்பி. பக்கம் மொத்தம் ஐம்பது எம்பியைத் தாண்டிவிட்டது. பேருந்தில் போய்க்கொண்டே போனில் புடவை பார்க்கிறவர் அது திறக்கும்வரை காத்திருக்க மாட்டார். சித்தியோ கடை வைஃபையில் பார்த்து, "எனக்கு வருதேப்பா" என்றார்.

அதற்குப் பிறகு இதே சிக்கலோடு நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள்: கல்வெட்டுப் படங்கள் போடுகிறவர், பள்ளி ஆண்டுவிழாப் படங்களை ஏற்றுகிற ஆசிரியை, சமையல் குறிப்பு எழுதுகிறவர். எல்லோரும் கேட்பது "எந்த மென்பொருள் நல்லது" என்றுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. முதலில் முடிவு செய்ய வேண்டியது, சுருக்கும் வேலையை யார் செய்வது என்பது. ஏற்றுவதற்கு முன் நீங்களே செய்யலாம், ஏற்றிய பிறகு தளமே செய்யலாம், அல்லது யாரோ ஒரு சேவை நடுவில் இருந்து செய்யலாம். மூன்றுக்கும் செலவு வேறு, மாட்டிக்கொள்ளும் விதமும் வேறு.

## எவ்வளவு பெரிய படம் போதும்

இந்தக் கணக்கு தெரியாமல் எந்த வழியில் போனாலும் பயனில்லை, அதனால் இதை முதலில் பார்த்துவிடலாம்.

சாதாரண ஆண்ட்ராய்டு போனின் திரை, இணையப் பக்கத்தின் கணக்கில், 360 முதல் 412 பிக்சல் வரை அகலம். திரையில் உண்மையில் இருக்கும் புள்ளிகள் அதைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு. எனவே போனில் முழு அகலத்துக்கு ஒரு படம் தெளிவாகத் தெரிய ஆயிரத்துச் சொச்சம் பிக்சல் வேண்டும். மடிக்கணினியில் கட்டுரை வரும் பத்தி 700 அல்லது 800 அகலம் இருக்கும், நல்ல திரைக்காக அதை இரட்டிப்பாக்கினால் 1600. ஆக, பெரும்பாலான படங்களுக்கு 1600 பிக்சல் அகலமே தாராளம். புடவையின் நெசவையோ கல்வெட்டின் எழுத்தையோ பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்றால் 2000, 2400 வரை போகலாம்.

4000க்கு 3000 என்பது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளி. 1600க்கு 1200 என்பது பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, அதுவும் தரத்தில் கைவைப்பதற்கு முன்பே. பலர் நீள அகலத்தை அப்படியே விட்டுவிட்டுத் தரத்தை 40, 30 என்று இறக்கிப் படத்தைக் கட்டம் கட்டமாக்கிவிடுகிறார்கள். முதலில் குறைக்க வேண்டியது பிக்சலைத்தான், தரம் அப்புறம். இன்னொன்று: பக்கத்தின் நிரலில் அகலம் 400 என்று எழுதினால் படம் சின்னதாகத் தெரியுமே தவிர, இறங்குவது அதே ஐந்து எம்பிதான். ஆனாலும் அந்த அகலத்தையும் உயரத்தையும் எழுதாமல் விடாதீர்கள். அவை இருந்தால்தான் படம் வருவதற்கு முன்பே உலாவி அதற்கு இடம் ஒதுக்கும். இல்லையென்றால் படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே குதிக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

வேகம்தான் எல்லோரும் பார்ப்பது. பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். மூன்று வழிகளில் எதை ஒழுங்காகச் செய்தாலும் அந்த வேகம் கிடைக்கும், அதனால் முடிவை அது தீர்மானிப்பதில்லை.

தீர்மானிப்பவை வேறு. படத்தின் நிறமும் நுணுக்கமும் எவ்வளவு முக்கியம். வாரத்துக்கு எத்தனை படம் ஏறுகிறது, ஏற்றுவது யார். இன்று பணம் எவ்வளவு, தளம் வளர்ந்தால் எவ்வளவு. படத்தோடு ஒட்டிக்கொண்டு வெளியே போகும் தகவல்கள் என்ன. எல்லாவற்றையும்விட நான் அதிகம் பார்ப்பது, இந்த ஏற்பாட்டை விட்டு வெளியேற வேண்டிய நாளில் உங்கள் படங்கள் உங்கள் கையில் இருக்குமா என்பது. ஏற்றும்போது யாரும் அதை யோசிப்பதில்லை.

## வழி 1: நீங்களே சுருக்கி ஏற்றுவது

ஒரு படம், இரண்டு படம் என்றால் ஸ்க்வூஷ் என்ற இணையக் கருவி. கூகுள் குரோம் குழுவினர் 2018இல் வெளியிட்டது. உலாவிக்குள்ளேயே வேலை செய்யும், படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. ஒரு பக்கம் மூலப்படம், மறுபக்கம் சுருக்கியது, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டை இழுத்து இழுத்துப் பார்த்துத்தான் தரம் 75 போதுமா, 80 வேண்டுமா என்று எனக்குக் கண் பழகியது. ஐம்பது படம் என்றால் எக்ஸ்என்கன்வர்ட், அல்லது விண்டோஸில் இர்ஃபான்வியூ. ஒருமுறை அமைத்துவிட்டால் ஃபோல்டரை மொத்தமாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கட்டளை எழுதிப் பழகியவர்களுக்கு இமேஜ்மேஜிக் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு எல்லாமே இலவசம்; கடைக்கு என்றால் எக்ஸ்என்கன்வர்ட்டுக்கும் இர்ஃபான்வியூவுக்கும் உரிமம் வாங்க வேண்டும்.

இந்த வழியின் பெரிய பலம், முடிவு உங்கள் கண்ணில் இருக்கிறது. புடவைப் படத்தில் இது எவ்வளவு முக்கியம் என்பதைக் கண்டாங்கியில்தான் கற்றேன். செங்கல் சிவப்பும் கறுப்பும் அடுத்தடுத்து வரும் கட்டம். சாதாரண ஜேபெக் சுருக்கத்தில் வெளிச்ச அளவு புள்ளிக்குப் புள்ளி இருக்கும், நிறம் மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்று என்று சேமிக்கப்படும். முகத்திலோ மரத்திலோ அது தெரியாது. சிவப்பு நூலுக்குப் பக்கத்தில் கறுப்பு நூல் வந்தால் சிவப்பு கசிந்து ஓரம் மங்கலாகிவிடும், தறியில் அவ்வளவு கூர்மையாக விழுந்த கோடு படத்தில் சாயம் போனது மாதிரி தெரியும். வாங்குகிறவர் அதைத் துணியின் குறை என்றுதான் நினைப்பார். ஜிம்ப் என்ற இலவசப் படத் திருத்தியில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும்போது 4:4:4 என்று ஒரு தெரிவு உண்டு, அதைப் போட்டால் நிறம் முழுசாக நிற்கும். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை. வெப்பி என்ற இன்னொரு பட வடிவத்தின் இழப்புச் சுருக்கத்தில் இந்தத் தெரிவே இல்லை, எப்போதும் நாலுக்கு ஒன்றுதான். அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் வெப்பி போடும் நான், சிவப்புக் கரைப் புடவைகளின் நெருக்கப் படத்துக்கு மட்டும் ஜேபெக்கையே வைத்திருக்கிறேன்.

நெருக்கமான கட்டம் போட்ட துணியைச் சுருக்கும்போது இன்னொரு தொல்லையும் வரும்: துணியில் இல்லாத அலை அலையான கோடுகள் படத்தில் முளைக்கும். மட்டமான முறையில் பிக்சலைக் கழித்தால் அப்படித்தான் ஆகும். ஸ்க்வூஷில் லாங்சோஸ்3 முறையை வைத்துச் சுருக்கினால் பெரும்பாலும் போய்விடும், போகாவிட்டால் அளவை 1600க்குப் பதில் 1500, 1700 என்று மாற்றிப் பாருங்கள். தானாகச் சுருக்கும் எந்த ஏற்பாட்டிலும் இப்படி ஒவ்வொரு படமாகப் பார்த்துச் சரிசெய்ய முடியாது.

இனி மறைந்திருக்கும் செலவுகள்.

ஐபோன் படம் என்றால் நிறத்தில் கவனம் வேண்டும். 2016இல் வந்த ஐபோன் 7 முதல் அதில் எடுக்கும் படங்கள் பி3 என்ற அகன்ற நிறவெளியில் இருக்கும், படத்துக்குள்ளேயே "என்னை இப்படிப் படி" என்று ஒரு குறிப்பும் இருக்கும். கோப்பைச் சிறிதாக்குகிறேன் என்று அந்தக் குறிப்பை மட்டும் நீக்கிவிட்டால் அரக்கு நிறம் வெளிறிப்போகும். முதலில் எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறவெளிக்கு மாற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் குறிப்பை நீக்கலாம். படம் பக்கவாட்டில் சாய்ந்து வருவதும் இதே மாதிரிக் கதைதான்: பல போன்கள் படத்தைப் படுக்கையாகச் சேமித்துவிட்டு "திருப்பிக் காட்டு" என்று எழுதி வைக்கும், அந்த எழுத்து போனால் புடவை படுத்துக்கொள்ளும். ஐபோனின் எச்இஐசி கோப்பை அப்படியே ஏற்றினால் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் தெரியாது, கட்டாயம் மாற்றியாக வேண்டும்.

அடுத்து உழைப்பு. வாரம் பத்துப் படம் என்றால் ஒரு கால்மணி நேரம். தினமும் ஐம்பது என்றால் இரண்டாவது மாதமே அலுத்துவிடும், ஒருநாள் விட்டுப்போகும், அந்த ஒருநாள்தான் ஐந்து எம்பி படம் முகப்பில் போய் உட்காரும்.

எல்லாவற்றிலும் மோசமானது, மூலத்தின் மேலேயே எழுதிவிடுவது. சுருக்கிய படத்தை அதே பெயரில் அதே ஃபோல்டரில் சேமித்தால் மூலம் போனது போனதுதான். பெரிய படத்திலிருந்து சின்னது எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், சின்னதிலிருந்து பெரியது வராது. மூலத்துக்கு ஒரு ஃபோல்டர், ஏற்றுவதற்கு ஒரு ஃபோல்டர் என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

வாட்ஸப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தைத் தனக்குத்தானே வாட்ஸப்பில் அனுப்பி, சின்னதாகிவிட்டது என்று அதையே ஏற்றுகிறவர்கள் பலர். சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலுக்கு வந்துவிடும், எங்கே எடுத்தது என்று படத்துக்குள் பதிவாகியிருக்கும் இருப்பிடக் குறிப்பும் போய்விடும், உண்மைதான். ஆனால் அந்தப் படம் ஏற்கெனவே கடுமையாகச் சுருக்கப்பட்டது. அதை நீங்கள் ஒருமுறையும் தளம் ஒருமுறையும் மறுபடி சுருக்கும்போது ஜரிகை குழைந்து களிம்பாகிவிடும். நெசவாளரிடமிருந்து படம் வாங்கும்போது "டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்" என்று சொல்லிவிடுங்கள், மூலம் அப்படியே வரும்.

## வழி 2: தளமே சுருக்கட்டும்

இங்கே தளம் என்று நான் சொல்வது வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளை, பெரும்பாலானவர்கள் அதில்தான் இருக்கிறார்கள். பெரிய படத்தை அப்படியே ஏற்றினாலும் அது சும்மா விட்டுவிடாது. 150, 300, 768, 1024, 1536, 2048 என்று ஆறு அளவுகளில் பிரதி எடுக்கும். 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்தை அந்த அளவுக்குக் குறைத்து, அதையே பெரிய படமாகப் பயன்படுத்தும். ஜேபெக் தரம் 82. எந்தத் திரைக்கு எந்தப் பிரதி என்று உலாவியே தேர்ந்துகொள்ளும்படி பட்டியலும் எழுதிவிடும், அது 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்பிலிருந்தே இருக்கிறது. திரைக்குக் கீழே இருக்கும் படங்களை அங்கே போகும்போது மட்டும் இறக்கும் வசதி, அதாவது தாமத இறக்கம், 2020இல் சேர்ந்தது. இவ்வளவும் நீங்கள் ஒரு பொத்தானும் அழுத்தாமல் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் இந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்; வழி 1இல் இருப்பவர்கள்கூட இந்தப் பல அளவுப் பிரதி வேலையை வேர்ட்பிரஸிடமே விட்டுவிட வேண்டும், கையால் செய்து தீராது.

ஆனால் விலை இருக்கிறது, அது கண்ணில் படுவதில்லை.

கோப்புகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆறு பிரதி, 2560 படம், மூலம்: எட்டு. வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸைப் போட்டிருந்தால் அது இன்னும் மூன்று அளவு சேர்க்கும், பதினொன்று. தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் தன் பங்குக்கு நாலைந்து சேர்க்கலாம், அதை விட்டுவிடுவோம். 400 புடவை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து படம், 2,000 படம், 22,000 கோப்பு. மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் "வரம்பில்லா இடம்" என்று எழுதியிருந்தாலும் கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருக்கும், அதை எட்டியதும் இடம் மீதமிருக்கும்போதே ஏற்றம் நின்றுவிடும். எனக்கு ஒரு ஹோஸ்டிங்கில் இது நடந்தது. படம் ஏறவில்லை, மின்னஞ்சலும் வரவில்லை, காரணம் இதுதான் என்று கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போனது.

நினைவகம் இன்னொன்று. ஜேபெக் கோப்பு எட்டு எம்பி இருக்கலாம், ஆனால் அதைச் சுருக்க சர்வர் அதைப் பிரித்துப் புள்ளி புள்ளியாக விரிக்க வேண்டும், புள்ளிக்கு நாலு பைட். ஐம்பது மெகாபிக்சல் கேமராவின் முழு அளவுப் படம் 8160க்கு 6120 என்றால் கிட்டத்தட்ட 200 எம்பி. வேர்ட்பிரஸ் ஓடும் பிஎச்பிக்கு 128 எம்பிதான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் அங்கேயே மூச்சு நின்றுவிடும். "படத்தைச் செயலாக்க முடியவில்லை" என்று ஏதோ ஒரு செய்தி வரும், கோப்பு எட்டு எம்பிதானே என்று நீங்கள் குழம்புவீர்கள். புதுப் போன் வாங்கிய பிறகு படம் ஏறமாட்டேன் என்கிறது என்று கேட்பவர்களில் பலருக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

பெண்கள் வீட்டிலிருந்து நடத்தும் கடைகளுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். வேர்ட்பிரஸ் எடுக்கும் சின்னப் பிரதிகளில் இருப்பிடக் குறிப்பு சில சர்வர்களில் போய்விடும், சிலவற்றில் தங்கும்; மூலப்படமோ எப்படியும் சர்வரிலேயே இருக்கும், குறிப்போடு. 2560க்குக் குறைத்த படத்தின் பெயரில் கடைசியாக 'ஸ்கேல்டு' என்று ஒரு ஒட்டு இருக்கும். முகவரியில் அந்த ஒட்டை எடுத்துவிட்டால் மூலம் திறந்துகொள்ளும், யார் வேண்டுமானாலும் இறக்கலாம். போனில் இருப்பிடம் பதிவாகும்படி வைத்து வீட்டில் எடுத்த படம் என்றால், வீடு எங்கே என்று அதில் ஜிபிஎஸ் எண்ணாகவே எழுதியிருக்கும். கேமராவின் அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள், ஏற்றும் முன் ஒருமுறை குறிப்பை நீக்கிச் சுருக்குங்கள்.

மேலும் சுருக்கித் தருகிறோம் என்று வரும் துணை நிரல்களான பிளகின்களில் இலவச அளவு மாதத்துக்கு இவ்வளவு படம் என்று இருக்கும். பலவற்றில் ஒவ்வொரு பிரதியும் ஒரு படமாகக் கணக்காகும். மாதம் நூறு என்றால் பதினொன்றால் வகுத்துக்கொள்ளுங்கள், ஒன்பது புடவைப் படத்தோடு தீர்ந்துவிடும்.

தீம் மாற்றினால் அது சேர்த்த அளவுகள் மாறும், பிரதிகளை மறுபடி எடுக்க வேண்டும், பழைய பிரதிகள் பெரும்பாலும் குப்பையாக அங்கேயே தங்கும்.

## வழி 3: வெளிப் படச் சேவை

கிளவுடினரி, இமேஜிக்ஸ், குர்கானிலிருந்து இயங்கும் இமேஜ்கிட், கிளவுட்ஃப்ளேர் என்று பல இருக்கின்றன. எல்லாமே ஒரே தத்துவம்தான். பெரிய படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும், முகவரியிலேயே "அகலம் 800" என்று எழுதினால் அந்த நிமிடமே அந்த அளவில் செய்து கொடுக்கும், கேட்பவரின் உலாவிக்கு ஏவிஐஎஃப் புரியுமா, வெப்பி புரியுமா, ஜேபெக் மட்டும்தானா என்று பார்த்து அதற்கேற்ற வடிவத்தையும் தேர்ந்தெடுக்கும். வெப்பி 2010இல் வந்தது, ஆப்பிளின் சஃபாரி அதை ஏற்க 2020 ஆனது. அந்தப் பத்து வருட இடைவெளியில் யாருக்கு எதைக் கொடுப்பது என்று நாம் தலையை உடைத்துக்கொண்ட வேலையை இவை எடுத்துக்கொண்டன.

கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாகரில் எழுதியவர்களுக்கு இது புதிதல்ல. பிளாகர் படத்தின் முகவரியில் எஸ்1600 என்று ஒரு துண்டு இருக்கும், அதை எஸ்640 என்று மாற்றினால் 640 பிக்சல் படம் வரும். பல வருடங்களாக இலவசமாகக் கிடைக்கும் படச் சேவைதான் அது. தமிழில் எழுதும் எத்தனையோ பேர் தெரியாமலேயே அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். பிளாகரிலேயே இருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் வேறெதையும் செய்ய வேண்டாம், அந்த எண்ணைச் சரியாக வைத்தால் போதும்.

பணத்துக்கு வருவோம். கிளவுடினரியின் இலவசத் திட்டத்தில் மாதம் 25 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது ஒரு ஜிபி பரிமாற்றம், அல்லது ஒரு ஜிபி சேமிப்பு, அல்லது ஆயிரம் உருமாற்றம் (ஒரு படத்தை ஓர் அளவில், ஒரு வடிவத்தில் செய்து கொடுப்பது ஓர் உருமாற்றம்). பன்னிரண்டு புடவை இருக்கும் பக்கம், படம் ஒன்றுக்கு 120 கேபி, மொத்தம் 1.4 எம்பி சொச்சம். அந்தப் பக்கத்தை மாதம் இருபதாயிரம் முறை பார்த்தால் 29 ஜிபி, இலவசம் தாண்டிவிட்டது. உருமாற்றமும் அப்படியே: 2,000 படம், ஐந்து அகலம், இரண்டு வடிவம், 20,000 உருமாற்றம், அதற்கே இருபது கிரெடிட். சாதாரண மாதத்தில் பூஜ்யம் ரூபாய், வியாபாரம் சூடுபிடிக்கும் தீபாவளி மாதத்தில் டாலரில் பணம் கட்டும் திட்டத்துக்கு மாற வேண்டிய கட்டாயம், என்ற நிலைமைக்குத் தயாராக இருக்க வேண்டும். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிக் கட்டண விதி வந்ததிலிருந்து வெளிநாட்டுச் சந்தாக்கள் கார்டில் தானாகப் போகாமல் நின்றுபோவதும் சகஜமாகிவிட்டது. பணம் போகாவிட்டால் தளத்தில் படங்கள் வராமல் நின்றுவிடலாம், அப்போதுதான் தெரியும்.

வெளியேறும் நாள்தான் என்னைப் பயமுறுத்துவது. உங்கள் பக்கங்களில் இருக்கும் ஒவ்வொரு படத்தின் முகவரியும் அவர்களுடையது. விலகினால் எல்லா முகவரியையும் மாற்ற வேண்டும், கூகுள் படத் தேடலில் சேர்ந்திருந்தவையும் போகும். இதைத் தவிர்க்க வழி உண்டு: மூலப்படத்தை உங்கள் சர்வரிலேயே வைத்து, சேவையை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைக்கலாம், முகவரிக்கு உங்கள் சொந்தத் துணைப்பெயரையும் (உங்கள் தளப் பெயரின் கீழேயே வரும் தனி முகவரி) வைக்கலாம். சொந்தத் துணைப்பெயர் சில திட்டங்களில் பணம் கட்டினால்தான் கிடைக்கும். கட்ட முடியாவிட்டால் இந்த வழியே வேண்டாம் என்பது என் கருத்து.

## இலவசப் பட இடத்தில் போட்டு இணைப்பு எடுப்பது

இதை நான்காவது வழி என்று எண்ணிச் சொல்லவே மனம் வரவில்லை, ஆனால் கேட்கிறார்கள். வேண்டாம். போட்டோபக்கெட் 2017இல் ஒருநாள் வேறு தளங்களில் படம் காட்டுவதற்கு வருடம் 399 டாலர் என்று அறிவித்தது, இணையமெங்கும் பழைய பக்கங்களில் படத்துக்குப் பதில் எச்சரிக்கைப் பலகை வந்து நின்றது. டைனிபிக் 2019இல் மூடிவிட்டார்கள். இம்கர், கணக்கில்லாமல் ஏற்றிய பழைய, பயன்பாட்டில் இல்லாத படங்களை 2023இல் நீக்கத் தொடங்கியது. கூகுள் போட்டோஸில் படத்தின் மேல் வலது சொடுக்கி எடுக்கும் முகவரியும் நிலையானது என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

## பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்

| பார்க்க வேண்டியது | நீங்களே | தளமே | வெளிச் சேவை |
|---|---|---|---|
| நிறம், நெசவு நுணுக்கம் | படத்துக்குப் படம் உங்கள் கையில் | எல்லாவற்றுக்கும் ஒரே தரம் | நல்ல தரம், தானாகத் தேர்வு |
| உழைப்பு | ஒவ்வொரு முறையும் | கிட்டத்தட்ட இல்லை | முதலில் அமைக்க மட்டும் |
| பணம் | இல்லை | ஹோஸ்டிங் பெரிதாகும் | வருகையோடு ஏறும் |
| கண்ணில் படாத செலவு | மூலம் அழிவது, அலுப்பு | கோப்பு எண்ணிக்கை, நினைவகம் | முகவரி அவர்களுடையது |
| இருப்பிடத் தகவல் | நீங்கள் நீக்கினால் போகும் | மூலத்தில் தங்கும் | உருமாற்றியதில் பெரும்பாலும் போகும், மூலம் அவர்களிடம் |
| வெளியேறுவது | சுலபம் | சுலபம், குப்பை அதிகம் | சொந்தத் துணைப்பெயர் இல்லாவிட்டால் கடினம் |

## யாருக்கு எது

வாரம் பத்திருபது படம், ஏற்றுவது ஒரே ஆள் என்றால், ஏற்றுவதற்கு முன் நீளப் பக்கத்தை 2000க்குக் குறைத்து, மீதியை வேர்ட்பிரஸிடம் விடுங்கள். சித்தியின் தளத்தை வேர்ட்பிரஸுக்கு மாற்றிய பிறகு நான் செய்வது இதுதான். 2048 பிரதியும் 2560 பிரதியும் உண்டாகாது, சர்வருக்கு மூச்சு முட்டாது, சுருக்கும்போதே குறிப்பை நீக்கிவிட்டால் இருப்பிடமும் வெளியே போகாது. சித்தியின் போனில் படத்தைச் சுருக்கும் செயலி ஒன்றைப் போட்டு 2000 என்று நிலையாக வைத்துக் கொடுத்தேன், இப்போது அவரே செய்துகொள்கிறார்.

பள்ளித் தளம் மாதிரி பலர் ஏற்றுகிற இடமா, ஆண்டுவிழாவன்று முந்நூறு படம் ஒரே இரவில் ஏறுமா? எல்லோரையும் சுருக்கப் பழக்க முடியாது. வழி 2 போதும், ஆனால் ஏற்றும்போதே பெரிய படத்தைக் குறைத்து, இருப்பிடக் குறிப்பையும் நீக்கி, மூலத்தை வைத்துக்கொள்ளாத ஒரு பிளகின் போடுங்கள். குழந்தைகள் படம் என்பதால் இருப்பிடக் குறிப்பு விஷயத்தில் சமரசமே கூடாது.

ஆயிரக்கணக்கில் பொருள், அடிக்கடி வடிவமைப்பு மாறும் கடை, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள்: வழி 3க்குக் கொடுக்கும் பணம் நியாயமானது. மூலத்தை மட்டும் உங்களிடம் வையுங்கள்.

கல்வெட்டு, ஓலைச்சுவடி, பழைய ஆவணப் படங்கள் போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் 1600 படத்தைக் காட்டுங்கள், அதன் கீழே முழு அளவுப் படத்துக்கு ஓர் இணைப்புக் கொடுங்கள். அந்த எழுத்தை ஒருவர் பத்து வருடம் கழித்துப் படிக்க முயலும்போது அவருக்கு வேண்டியது நீங்கள் வீண் என்று கழித்த பிக்சலாக இருக்கலாம். வேகத்துக்காக அதை இழக்க வேண்டியதில்லை, இணைப்பைத் தட்டுகிறவர் காத்திருப்பார்.

## கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பது

மூன்று வழிக்கும் பொதுவான ஒன்று. தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான், ஆனால் படக் கோப்புக்கு மட்டும் வைக்காதீர்கள். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். லினக்ஸ் சர்வரில் கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது, அதாவது எண்பத்தைந்து குறி, அதிலும் வேர்ட்பிரஸ் ஒட்டும் அளவு எண்களுக்கு இடம் விட வேண்டும். "கோர்வை" என்பதில் உள்ள ஓகாரக் கொம்பை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம். பழைய மேக் கணினிகள் இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், சர்வருக்கு அவை இரண்டு வேறு பெயர்கள், படம் இல்லை என்று சொல்லிவிடும். பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்து, படத்தின் மாற்று உரையைத் தமிழில் நன்றாக எழுதுங்கள். தேடுபொறியும், பார்வையற்றோரின் திரைவாசிப்பானும் படிப்பது அதைத்தான்.

## ஏற்கெனவே பெரிதாக ஏற்றியாகிவிட்டதா

அழிக்காதீர்கள். எஃப்டிபி (சர்வரிலிருந்து கோப்புகளை மொத்தமாக இறக்கும் முறை) வழியாக, படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரை முழுசாக இறக்கிப் பத்திரப்படுத்துங்கள், பலருக்கு மூலப்படம் இருக்கும் ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். பிறகு அளவு வாரியாக அடுக்கி, மேலே இருக்கும் இருபது, முப்பது படங்களை மட்டும் எடுத்துச் சுருக்கி அதே பெயரில் திரும்ப ஏற்றுங்கள், கனத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். வேர்ட்பிரஸ் என்றால் பிரதிகளை மறுபடி எடுக்கும் ரீஜெனரேட் தம்ப்நெயில்ஸ் பிளகினை ஒருமுறை ஓட்டுங்கள். முகப்பில் முதலில் தெரியும் படத்துக்குத் தாமத இறக்கம் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அது உடனே வர வேண்டிய படம். செய்துவிட்டு அதே உலாவியில் பார்த்தால் பழைய படமே வரும், அது உலாவியின் நினைவில் இருப்பது. வைஃபையை அணைத்து, போனில் தனிமை உலாவலில் திறந்து பாருங்கள்.